மீட்டர் அட்டை

யாரும் மிக்ஸி போடக் கூடாது.
ஏழு நிமிஷம்.
பஹ்ரைனிலிருந்து அத்தான் கொண்டுவந்த
ரப்பர் பொத்தான் கம்ப்யூட்டருக்கு
டேப்ரெக்கார்டர் கீச்சிட்டுக் கீச்சிட்டு
ஒரு விளையாட்டை ஊட்டுகிறது.
ஞானஒளிவுபுரத்தில் அந்த நேரம்
எங்கள் வீட்டுச் சட்னி மட்டும்
அம்மியில் அரைபடும்.

நேற்று ஆறரையாவது நிமிஷம்
பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டார்கள்.
மறுபடி முதலிலிருந்து.

கேசட் உறையில் அது கொரில்லா.
எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில்
சாயம் போன சோபா ஒன்று
இரண்டு கையையும் ஆட்டுகிறது.
ஆட்டலுக்கு ஒரு பீப்பாய்.
கீழே நம் ஆள், தீக்குச்சி உயரம்,
தொப்பியா தலையா தெரியாது.
ஏணி, தளம், ஏணி என்று ஏற வேண்டும்.
உச்சியில் ஒருத்தி கூப்பிட்டபடி நிற்கிறாள்.
"அவளுக்கும் கால் இருக்குல்ல,
இறங்கி வரட்டுமே" என்பாள் பவுலின்.
சொல்வாளே தவிர
எங்களில் உயரம் போனவள் அவள்தான்.

இரவு ஏழு மணிக்குத் தெரு முழுக்க விளக்கு எரிய
வோல்டேஜ் இறங்கும்.
படம் சுருங்கி
அடித்தளம் மடிந்து ஒரு வெள்ளைக் கோடாகும்.
கோட்டுக்குள் உருளும் பீப்பாயை
எண்ணித் தாண்டினோம்.
ஒண்ணு, ரெண்டு, இப்ப.

உறையில் நாலு தளம் போட்டிருந்தது.
எங்கள் கேசட்டில் மூன்றுதான்.
நாலாவது, காசு போடும் பெரிய பெட்டியில் இருக்கிறதாம்,
அத்தான் பார்த்திருக்கிறாராம்.
என்ன இருந்தது என்று கேட்டால்
"ஏதோ ஓடிச்சு" என்பார்.

கரண்ட் போனால்
கம்ப்யூட்டருக்கு எல்லாம் மறந்துவிடும்.
அதனால் எண்ணை எழுதிவைத்தோம்,
கைக்கு எட்டிய காகிதத்தில்,
மீட்டருக்குக் கீழே ஆணியில் தொங்கிய
மின்வாரிய வெள்ளை அட்டையின் ஓரத்தில்:
பவு. 14,300
பெர். 9,800

ரீடிங் எடுக்க வந்த தெய்வேந்திரன்
காக்கிப் பையைத் தோளில் ஏற்றிவிட்டுக் கேட்டார்:
"இது எந்த மீட்டர்?"

அரசாங்க அட்டை.
அப்பா ரயில்வே டூட்டியில்.
எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.
பவுலின் பேசாமல் திரையைக் காட்டினாள்.

பையைக் கழற்றாமலே
ஸ்டூல் நுனியில் உட்கார்ந்தார்.
"குதிக்கிறது எந்தப் பொத்தான்?"
முதல் பீப்பாய்.
முதல் பீப்பாய்.
கடைசி உயிரில் ஒன்றைத் தாண்டி
இரண்டாவதில் விழுந்தார்.
"இருபது வருஷம் கம்பம் ஏறியிருக்கேன் பாப்பா.
ஒருத்தனும் மேலேருந்து எதையும் உருட்டலை."
எழுந்து
சிவப்புப் பேனாவால் எங்கள் வரிசைக்குக் கீழே
100 என்று எழுதினார்.
தேதி. சுருக்கொப்பம்.

அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
முதலில் ஆட்டம், பிறகு ரீடிங்.
400.
300. அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல்.
1,100. அன்றைக்குக் காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.
கிளிப் மாட்டிய பேண்ட்டோடு
சைக்கிளில் ஏறிப் போகும்போது
இடது கட்டை விரல்
ஹேண்டில்பாரில் குதித்துக்கொண்டிருந்தது.

பங்குனியில் ஒரு ராத்திரி
பவுலின் மூன்றாம் தளத்தையும் முடித்தாள்.
சோபா தலைகீழாக விழுந்தது.
மேலே நின்றவளுக்கும் இவனுக்கும் நடுவே
நாலு புள்ளியில் ஒரு இதயம்.
எண்ணைப் பார்க்கக் கண்ணைத் திருப்பினோம்,
டிவி நடுவில் ஒரு பொட்டு,
பிறகு அதுவும் இல்லை.
தெரு முழுக்க "போச்சு" என்றது.
அவள் இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.
விரல்கள் மட்டும் பொத்தான் மேலேயே.

இருபதாயிரம் என்று போடலாம் என்றேன்.
"பார்க்காததை எழுதாதே."

சித்திரையில் அவர் வந்தார்.
நான் சொன்னேன், மூச்சு விடாமல்.
அவள் சமையலறையில் எதையோ தேடுவதுபோல் நின்றாள்.
"சாட்சி?"
"நான்தான்."
எந்தத் தேதி, எத்தனை மணி என்று கேட்டார்.
பையிலிருந்த நோட்டைப் புரட்டினார்.
அன்றைக்கு அரப்பாளையம் பீடர் பழுது,
எட்டேகாலிலிருந்து பத்து வரை.
தலையாட்டிவிட்டு
மீட்டரைக் குனிந்து பார்த்துவிட்டு
சிவப்புப் பேனாவால் எழுதினார்:

பவுலின். மூன்று தளமும் ஏறியது உண்மை.
மின்தடை காரணமாக எண் இல்லை.

சுருக்கொப்பம்.
பக்கத்துக் கட்டத்தில் யூனிட் 96.